விடய ஆய்வு: ஒரு பகலில் ஹொங்கொங் துறைமுகம்

உல்லாசப் பயணக் கப்பல் ஒரு துறைமுகத்தில் தரித்து நிற்பது பெரும்பாலும் ஒரு பகற்பொழுது மட்டுமே. நேரத்திற்குத் திரும்பாத பயணிக்காகக் கப்பல் காத்திருப்பதில்லை. எனவே பார்க்கும் இடங்களைத் தெரிவுசெய்தல் அவசியமாகும்.

ஹொங்கொங்கில் கப்பல்கள் தரிக்கும் கை டக் இறங்குதுறை கவ்லூன் பகுதியில் உள்ளது. 1998 இல் மூடப்பட்ட விமான நிலையத்தின் ஓடுபாதையில் அமைக்கப்பட்ட இது 2013 இல் திறக்கப்பட்டது.

பயண ஒழுங்கு
1. பஸ்ஸில் சிம் ஷா சுய் கடற்கரையை அடைதல்.
2. ஸ்டார் பெரி படகில் விக்டோரியா துறைமுகத்தைக் கடந்து ஹொங்கொங் தீவுக்குச் செல்லல்.
3. 1888 இல் ஆரம்பிக்கப்பட்ட மலை ட்ராமில் விக்டோரியா சிகரச் சரிவில் ஏறல். சிகரத்தின் உயரம் 552 மீற்றர்.

அவதானிக்க வேண்டியவை
மேலிருந்து நோக்கும்போது, மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய நிலப்பரப்பில் வானளாவிய கட்டடங்கள் நெருங்கி நிற்பதைக் காணலாம். சமநிலம் குறைவென்பதே இதற்குக் காரணம். இதனால் கடலை நிரப்பி நிலம் பெறப்பட்டது. துறைமுகமும் படிப்படியாக ஒடுங்கியது. பயணிகள் காண வரும் காட்சியே குறைந்து சென்றது. நிரப்புதலைக் கட்டுப்படுத்த 1997 இல் துறைமுகப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது.

நினைவிற் கொள்க
இடங்களின் பெயர்களை மட்டும் எழுதினால் விடை முழுமையாகாது. ஒவ்வொன்றையும் தரைத்தோற்றத்துடன் தொடர்புபடுத்துக.

மாதிரி வினா
ஹொங்கொங்கில் கடல் நிரப்பப்பட்டமைக்கான காரணம் ஒன்றையும் அதன் விளைவு ஒன்றையும் குறிப்பிடுக.

விடை
காரணம்: சமநிலப் பற்றாக்குறை.
விளைவு: துறைமுகம் ஒடுங்கியமை.