யாத்திரிகர் செலவும் உழவர் வரவும்

சுற்றுலாப் பெருகினால் சுற்றியுள்ள கிராமங்கள் செழிக்கும் என்பர். அது தானாக நிகழ்வதன்று. வருவோர் வாங்கிச் செல்லும் பண்டத்தில் அப்பகுதியின் விளைபொருள் சேர்ந்திருத்தல் வேண்டும். அதனைத் தக்க விலைக்கு விற்கும் வழியும் உழவருக்கு இருத்தல் வேண்டும். இவையில்லையேல் பணம் விடுதிக்காரரோடும் வண்டிக்காரரோடும் நின்றுவிடும். யாத்திரையும் சுற்றுலாவே, ஆதலின் பழனிப் பஞ்சாமிர்தத்தை அங்கத்தினர்கள் ஒரு பாடமாகக் கொள்ளலாம்.

மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய், பேரீச்சை, கற்கண்டு ஆகியவை சேர்ந்தது அது. துளி நீரும் சேர்ப்பதில்லை. பழத்தில் நீர் மிகுந்தால் பண்டம் விரைவில் கெடும். பழனி மலைச் சரிவுகளில் காப்பிச் செடிகளினூடே விளையும் விருப்பாச்சி வாழை நீர்ப்பதம் குறைந்தது. அதனாலேயே அதற்கு மதிப்பு. பஞ்சாமிர்தம் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. விருப்பாச்சி வாழை அதற்கு முன்னரே பெற்றிருந்தது.

சர்க்கரையின் வழி கவனிக்கத்தக்கது. ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு உழவர்கள் அதனை 60 கிலோ மூட்டைகளாகக் கொணர்கின்றனர். தரம் பிரித்து ஏலம் நடைபெறுகிறது. பழனி தேவஸ்தானமே அங்குக் கொள்முதல் செய்கிறது. முதல் தரத்திற்குக் கூடுதல் விலை உண்டென்று கண்ணாரக் காண்பவர், அடுத்த முறை பாகு காய்ச்சுகையில் தாமே கவனம் கொள்வார்.

வாழையின் கதை வேறு. சர்க்கரையை இருப்பு வைக்கலாம். பழுத்த குலை காத்திராது. தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் வேண்டிய அளவை முன்கூட்டியே பேசி முடிக்காத உழவர், மண்டியில் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். தனியொருவர் அவ்வாறு பேசுவதும் எளிதன்று. நூறு தோட்டங்களின் குலைகளுக்காகப் பேசும் சங்கத்தின் சொல்லுக்கே எடை உண்டு.

அதனினும் பெரிய இடர் முடிக்கொத்து நோய். அந்நச்சுயிரியை அசுவினிப் பூச்சி பரப்புகிறது; நோயுற்ற தாய்மரத்துக் கன்றும் பரப்புகிறது. மருந்து இல்லை. இந்நோயால் மலைத்தோட்டங்கள் பல அழிந்தன. மலைப்பழம் அருகியபோது சமவெளிப் பழங்கள் அதன் இடத்தைப் பிடித்தன. யாத்திரிகர் கூட்டம் குறையவில்லை. மலை உழவரின் வருவாயே குறைந்தது.

ஆகவே சங்கத்தின் முதல் வேலை, விற்பனைக்கும் முந்தையது: நோயுற்ற மரத்தைக் கிழங்கோடு அகற்றி அழிக்கச் செய்தல், சோதித்த திசு வளர்ப்புக் கன்றுகளை மொத்தமாகத் தருவித்தல். ஒருவர் தோட்டத்தில் மட்டும் செய்து பயனில்லை. அசுவினிக்கு வரப்பு தெரியாது.