நாடாவும் பேருந்தும்

காஞ்சிமாநகர் கோயில்களாலும் தறிகளாலும் பெயர் பெற்ற நகரம். பல்லவ மன்னர்களின் தலைநகராய் விளங்கிய காலம் முதல் இன்றுவரை இந்நகரை நாடி வருவோர் பலர். இறைவனை வழிபட வருவோர் ஒருபால். திருமணப் பட்டு வாங்க வருவோர் ஒருபால். கல்வி கற்க வரும் மாணவர் ஒருபால். கோயிலைச் சூழ்ந்த வீதிகள் தேர் ஓடுதற்கென அகலமாக அமைந்தவை. ஏனைய தெருக்களோ, மக்கள் நடப்பதற்கும் மாட்டுவண்டிகள் செல்வதற்கும் போதுமான அளவில் அமைந்தவை. இன்று அத்தெருக்களின் வழியாகவே பேருந்துகளும் செல்லவேண்டியுள்ளது. ஆதலின், நகருக்குள் பேருந்து விரைந்து செல்வது அரிது. குறித்த நேரத்தில் வந்து சேர்வது அதனினும் அரிது.

காஞ்சிக்கும் வாலாசாபாத்துக்கும் இடையே உள்ள நெசவாளர் ஊர்களுள் ஐயம்பேட்டையும் ஒன்று. ஒருநாள் காலை அவ்வூர்ப் பேருந்து நிறுத்தத்தில் மாணவர் பலர் காத்திருந்தனர். அவர்களுள் ஒருவன் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவன். அவன் தந்தை குழித்தறியில் அமர்ந்து சேலை நெய்பவர். தாய் நூல் சுற்றித் துணைபுரிபவர். அக்குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குச் சென்றவன் அவனே. அன்று அவனுக்குத் தேர்வு. காலை 8 மணிக்கு வரவேண்டிய பேருந்து வரவில்லை. 10 நிமிடம் கழிந்தது. 15 நிமிடம் கழிந்தது. நேரம் ஆக ஆக, நிறுத்தத்தில் கூட்டம் பெருகியது. மாணவனின் உள்ளத்தில் கவலையும் பெருகியது.

இறுதியில் பேருந்து வந்தது. உள்ளே கால் வைக்கவும் இடம் இல்லை. படியிலும் நால்வர் நின்றனர். இறங்குவோர் இறங்க இயலாமல் தவித்தனர். அவர்கள் இறங்குமுன் ஏறுவோர் முண்டியடித்தனர். "உள்ளே நகருங்கள், உள்ளே நகருங்கள்" என்று நடத்துநர் கூவினார். எவரும் நகர்ந்ததாகத் தெரியவில்லை. மாணவன் கம்பியை ஒரு கையால் பற்றிக்கொண்டு, படியின் ஓரத்தில் ஒரு காலை ஊன்றினான். மற்றொரு கால் வெளியே தொங்கியது. தோளில் மாட்டிய பை அவனைப் பின்னுக்கு இழுத்தது.

நிறுத்தத்தில் முதியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நெய்து முடித்த சேலையைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திற்குப் புறப்பட்டவர் அவர். "தம்பி, இறங்கிவிடு. பின்னால் ஒரு வண்டி வருகிறது" என்றார்.

"இன்று எனக்குத் தேர்வு, ஐயா" என்றான் மாணவன்.

"தெரிகிறது, தம்பி. அதனால்தான் இறங்கு என்கிறேன். அதோ பார்" என்று சாலையின் கிழக்கே கை காட்டினார் முதியவர். தொலைவில் மற்றொரு பேருந்தின் முகப்புத் தெரிந்தது. மாணவன் ஒரு கணம் தயங்கினான், பின்பு இறங்கினான். முன்வந்த பேருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்தவாறு சென்றது. 3 நிமிடத்திற்குள் அடுத்த பேருந்து வந்தது. அதில் இருக்கைகள் பல வெறுமையாய் இருந்தன. முதியவரும் மாணவனும் அருகருகே அமர்ந்தனர்.

"ஒரு வண்டியில் நிற்க இடம் இல்லை, அடுத்த வண்டியில் அமர ஆள் இல்லை. இது என்ன முறை, ஐயா?" என்று மாணவன் மனம் வெதும்பிக் கேட்டான்.

முதியவர் சிரித்தார். "நீ தறி வீட்டுப் பிள்ளைதானே? ஊடை இழை ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் விழுந்தால் சேலை என்ன ஆகும்?"

"நெருங்கிய இடம் தடித்துப்போகும், விலகிய இடம் இளைத்துப்போகும். சங்கத்தில் சேலையை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்."

"இழை குறைந்ததா?"

"இல்லை, ஐயா. இழை அதே அளவுதான். இடைவெளிதான் தவறிவிட்டது."

"அவ்வளவுதான், தம்பி. வண்டிகளும் அப்படியே" என்றார் முதியவர்.

முதியவர் கூறியது வெறும் உவமை அன்று. இரண்டு இடங்களுக்கு இடையே மாறி மாறிச் சென்று வரும் வண்டியை ஆங்கிலத்தில் 'ஷட்டில்' என வழங்குவர். அச்சொல் அதற்கு முன்பே தறியில் ஓடும் நாடாவைக் குறித்து வந்தது. பாவு இழைகளின் ஊடே இப்புறமிருந்து அப்புறமும், அப்புறமிருந்து இப்புறமும் நாடா ஓடுவது போல, அவ்வண்டியும் ஓடுவதால் அப்பெயர் பெற்றது. ஆகவே, நாடாவின் இயல்பை அறிந்த நெசவாளர் பேருந்தின் இயல்பை உணர்ந்துரைத்தது வியப்பன்று.

பேருந்துகள் இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாய் நெருங்கி வருவதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு பேருந்து ஏதோ ஒரு தடையால் சிறிது தாமதமாகிறது எனக் கொள்வோம். அத்தாமதத்திற்குள் அடுத்த நிறுத்தத்தில் மேலும் சிலர் வந்து சேர்கின்றனர். அவர்கள் அனைவரும் ஏறுவதற்குக் கூடுதல் நேரம் ஆகிறது. அதனால் பேருந்து மேலும் தாமதமாகிறது. அதற்கடுத்த நிறுத்தத்தில் கூட்டம் இன்னும் மிகுகிறது. பின்னால் வரும் பேருந்துக்கோ, முன்வண்டி எல்லோரையும் ஏற்றிச் சென்றுவிட்டபடியால், ஆட்கள் குறைவு. அது நிறுத்தங்களில் நெடுநேரம் நில்லாமல் விரைந்து வந்து முன்வண்டியை நெருங்கிவிடுகிறது. இவ்வாறு சிறு தாமதம் பெருந்தாமதமாய் வளர்கிறது. இதனை நியூவெல், பாட்ஸ் என்னும் அறிஞர் இருவர் 1964ஆம் ஆண்டில் கணித முறையால் விளக்கிக் காட்டினர். இதில் ஓட்டுநரின் குற்றமோ நடத்துநரின் குற்றமோ இல்லாமலும் இருக்கலாம் என்பது கருதத்தக்கது.

இதனால் விளையும் இழப்பைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 20 நிமிடத்திற்கு ஒரு பேருந்து ஒழுங்காக வந்தால், பயணி ஒருவர் சராசரியாக 10 நிமிடம் காத்திருப்பார். அதே இரண்டு பேருந்துகள் 35 நிமிட இடைவெளியிலும் 5 நிமிட இடைவெளியிலும் வருமாயின், மொத்தக் காலம் அதே 40 நிமிடந்தான். பேருந்துகளும் அதே இரண்டுதான். நிமிடத்திற்கு ஒருவராக 40 பேர் வந்தால், 35 பேர் நீண்ட இடைவெளியில் வந்து சேர்ந்து, சராசரியாக 17½ நிமிடம் காத்திருப்பர். 5 பேர் மட்டுமே குறுகிய இடைவெளியில் வந்து, 2½ நிமிடம் காத்திருப்பர். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், சராசரி ஏறத்தாழ 15½ நிமிடம் ஆகிறது.

நெரிசலும் அவ்வாறே. முன்வண்டியில் 80 பேர், பின்வண்டியில் 20 பேர் சென்றால், வண்டிக்குச் சராசரி 50 பேர் என்று கணக்கேடு காட்டும். 50 பேர் என்பது பெருங்கூட்டம் அன்று. ஆனால் பயணம் செய்த 100 பேருள் 80 பேர் அனுபவித்தது 80 பேர் திணிந்த நெரிசலே. அலுவலகத்தில் இருந்து ஏட்டைப் பார்ப்பவருக்குக் குறை ஒன்றும் தோன்றாது. படியில் தொங்குபவருக்கோ குறையன்றி வேறொன்றும் தோன்றாது. இருவர் சொல்வதும் உண்மையே.

இத்துன்பம் இன்று தோன்றியதும் அன்று; இந்நகருக்கே உரியதும் அன்று. பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1662ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பாரிசு நகரில் குதிரை வண்டிப் போக்குவரத்து ஒன்றைத் தொடங்கச் செய்தார். குறித்த வழியில், குறித்த கட்டணத்தில், ஆள் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் வண்டிகள் ஓடின. தொடங்கிய சில நாள்களிலேயே கூட்டம் அளவு கடந்தது. தாம் காத்திருந்தபோது ஐந்து வண்டிகள் இடமின்றி நிறைந்து கடந்து சென்றதாகப் பாஸ்கலின் தமக்கையார் கடிதம் ஒன்றில் எழுதியுள்ளார். அவ்வம்மையாரின் ஏமாற்றமும் ஐயம்பேட்டை மாணவனின் ஏமாற்றமும் ஒரே தன்மையன அல்லவா?

ஏமாற்றம் பொறுக்கத்தக்கது. உயிரிழப்பு பொறுக்கத்தக்கது அன்று. 2012ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள், சென்னைப் பெருங்குடிப் பகுதியில் பேருந்தின் படியில் நின்று சென்ற மாணவர் நால்வர் லாரியில் மோதுண்டு உயிர் இழந்தனர். அவர்களும் அன்று காலை புத்தகப் பையுடன் வீட்டிலிருந்து புறப்பட்டவர்களே. சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அந்நிகழ்ச்சியை வழக்காக எடுத்துக்கொண்டது. படியில் நின்று செல்லுதல் கூடாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விதிக்கின்றது. ஆயினும், சட்டம் ஒன்றே படியைக் காலியாக்கிவிடாது. உள்ளே இடம் இருந்தும் விளையாட்டாகப் படியில் நிற்பவர் சிலர். உள்ளே இடம் இல்லாமையால் வேறு வழியின்றி நிற்பவர் பலர். முன்னவருக்கு அறிவுரை வேண்டும். பின்னவருக்குப் பேருந்து வேண்டும்.

பேருந்து தேவைப்படுவோரின் தொகை நாளுக்கு நாள் மிகுந்து வருகிறது. பள்ளி மாணவர் அரசுப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்கின்றனர். 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிரும் கட்டணமின்றிச் செல்கின்றனர். கட்டணத்திற்கு அஞ்சி வீட்டிலேயே இருந்த பெண்கள் கல்விக்கும் வேலைக்கும் வெளியே வருவது நன்மையே. அந்நன்மை முழுமை பெறவேண்டுமானால், ஏறுவதற்கு இடமும் இருத்தல் வேண்டும்.

காஞ்சி மக்கள் பெருங்கூட்டத்திற்குப் புதியவர் அல்லர். 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் அத்திவரதர் விழா, 2019ஆம் ஆண்டு சூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை நடைபெற்றபோது, மக்கள் இலட்சக்கணக்கில் இந்நகரில் திரண்டனர். அப்பொழுது நகரின் புறத்தே தற்காலிகப் பேருந்து நிலையங்கள் அமைக்கப்பட்டன. அங்கிருந்து கோயிலை நோக்கிச் சிறு பேருந்துகள் நாடாவைப் போல் போவதும் வருவதுமாய் இருந்தன. திருவிழாக் கூட்டம் வரும் என்று முன்னரே தெரிந்தமையால், அதற்கென ஆயத்தமும் செய்யப்பட்டது. நாள்தோறும் காலையில் திரளும் மாணவர் கூட்டமும் முன்னரே தெரிந்ததே. அது 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதன்று. ஒவ்வொரு நாளும் மணி தவறாமல் வருவது. அதற்கும் ஆயத்தம் செய்தல் இயலாதது அன்று.

செய்யத்தக்கவை பல. விரைந்து வந்த பின்வண்டியை இடையே ஒரு நிறுத்தத்தில் சற்று நிறுத்திவைத்து இடைவெளியைச் சரிசெய்யலாம். ஒரே நேரத்தில் தொடங்கும் பள்ளிகளும் கல்லூரிகளும் சிறிது முன்பின்னாகத் தொடங்கலாம். கூட்டம் மிகுந்த வேளையில் கூடுதல் வண்டிகளை விடலாம். இவை பொறுப்பில் உள்ளோர் செய்யவேண்டியவை.

பயணிகள் செய்யவேண்டியவையும் உண்டு. இறங்குவோர்க்கு முதலில் வழிவிடுதல் வேண்டும். ஏறியவர் வாயிலருகே நில்லாமல் உள்ளே நகர்தல் வேண்டும். முதுகில் மாட்டிய பை ஒருவர் நிற்கும் இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனைக் கழற்றிக் கையில் பிடித்தல் வேண்டும். கட்டணத்திற்குரிய சில்லறையை முன்னரே எடுத்துவைத்தல் வேண்டும். ஒவ்வொருவரும் ஏற ஒரு விநாடி குறைத்தாலும், 60 பேர் ஏறும்போது ஒரு நிமிடம் மிச்சமாகிறது. அந்த ஒரு நிமிடம் அடுத்த நிறுத்தத்தில் காத்திருப்போர்க்குச் செய்யும் உதவியாகும்.

ஐயம்பேட்டை மாணவன் அன்று உரிய நேரத்தில் தேர்வுக்குச் சென்றான். மாலையில் திரும்பும்போது நிலைமை வேறாக இருந்தது. வந்த பேருந்து நிறைந்திருந்தது. பின்னால் வேறு பேருந்து எதுவும் தென்படவில்லை. முதியவரின் அறிவுரை அப்போது பயன்படவில்லை. அவன் நெருக்கிக்கொண்டு உள்ளே ஏறினான். முதுகுப் பையைக் கழற்றினான். அமர்ந்திருந்த பெண்மணி ஒருவர் அதை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். அவன் மேலும் உள்ளே நகர்ந்தான். அவன் விட்ட இடத்தில், படியில் நின்ற சிறுவன் ஒருவன் மேலே ஏறி நின்றான். நடத்துநர் கதவைச் சாத்தினார், பேருந்து புறப்பட்டது.

காஞ்சிச் சேலையின் கரையை உடலோடு இணைக்கும் கோர்வை வேலையை மரபு முறையில் ஒருவர் தனியே செய்வதில்லை. தறியில் நெசவாளர் ஒருபுறம் நாடாவை விட, துணைநெசவாளர் மறுபுறம் கரைக்குரிய நாடாவை விடுவார். இருவரும் ஒத்து இயங்கினால்தான் கரை பிரியாமல் நிற்கும். பேருந்துப் பயணமும் அத்தகையதே. நடத்துவோரும் செல்வோரும் தத்தம் கடமையை உணர்ந்து ஒத்து இயங்குவாராயின், புத்தகப் பையுடன் காலையில் புறப்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் மாலையில் நலமே வீடு திரும்பும்.