நாட்பட்ட நோயும் உழைச்செல்வானும்

நோய் இருவகைத்து. சின்னாளில் வந்து சின்னாளில் நீங்குவது ஒன்று; வந்தபின் ஆண்டுக்கணக்கில் உடலோடு உடனுறைவது மற்றொன்று. முன்னையதற்கு வைத்தியனும் மருந்துமே பெரும்பாலும் போதியன. பின்னையதற்கு அவை போதா. திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், நோயாளி, வைத்தியன், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்திருந்து மருந்தைப் பிழையாமற் கொடுத்துப் பேணுவோனே உழைச்செல்வான். நாட்பட்ட நோயில் இந்நான்காங் கூறே தலைமை பெறும் என்பதைத் தாம்பரத்தின் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

நம்மிற் பலர் நாடோறும் மின்சார ரெயிலிற் கடக்கும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் நிலையம், அருகிலுள்ள ஆஸ்பத்திரியாற் பெயர் பெற்றது. அதனை 1928-ஆம் ஆண்டில் நிறுவியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இவர் முன்னர் இங்கிலாந்தில், மெண்டிப் குன்றுகளிடையே, க்ஷயரோகிகளுக்கு ஓர் இல்லம் நடாத்தியவர். கணிதமேதை இராமாநுஜன் 1917-ஆம் ஆண்டில் அவ்வில்லத்திற் சிகிச்சை பெற்றார். வைத்தியர் நம் நாட்டவரே. ஆயினும், இராமாநுஜனின் தாயும் மனைவியும் கடலுக்கு இப்பால் இருந்தனர். பழகிய மரக்கறியுணவும் போர்க்கால இங்கிலாந்தில் அரிதாயிற்று. 1919-இல் தாயகம் மீண்ட அவர் மறுவாண்டே மறைந்தார். அவர்தம் நோய் யாதென்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. தனிமை அவர் துன்பத்தை மிகுவித்தது என்பதில் ஐயமில்லை.

தாம்பரத்தில் சானடோரியம் தோன்றிய காலத்தில் க்ஷயத்தைக் கொல்லும் மருந்து உலகில் எங்கும் இல்லை. தூய காற்று, வெயில், நல்லுணவு, ஓய்வு என்பனவே சிகிச்சை. அவற்றை நாள் தவறாது அளிப்போர் உழைச்செல்வாரே. 1937-இல் அரசினர் அதனை ஏற்றனர். பின்னர் 1943-இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டறியப்பட்டது. 1952-இல் ஐசோனியாசிட் வழக்கிற்கு வந்தது.

இனி, மருந்து கிடைத்தபின் சானடோரியம் வேண்டுமோ என்னும் வினா எழுந்தது. இதற்கு விடை கண்டதும் நம் சென்னையே. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தார், நோயாளருள் ஒரு சாராரைச் சானடோரியத்திலும், மற்றொரு சாராரை நெருக்கமான தத்தம் ஏழையில்லங்களிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்தை அளித்தனர். இரு சாராரும் ஏறக்குறைய ஒருபடியாகக் குணமுற்றனர். வீட்டிலிருந்தோரின் சுற்றத்தார்க்கும் தொற்று மிகவில்லை. 1959-இல் வெளியான இம்முடிபு பிறநாடுகளின் சிகிச்சை முறையையும் மாற்றியது.

ஆகவே உழைச்செல்வான் வேண்டா என்று கொள்ளலாமோ? கொள்ளலாகாது. அந்நிலையத்தார் சொல்லாமலே வீடுகளுக்குச் சென்று, எஞ்சிய மாத்திரைகளை எண்ணிப் பார்த்தனர். ஏனெனில், சில கிழமைகளில் இருமல் தணியும்; நோயாளி குணமாயிற்று என்று மருந்தை நிறுத்துவான்; எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதனவாய் மீண்டெழும். கட்டிலின் இடம் மாறியதேயன்றிக் காவலின் தேவை மாறவில்லை.

1993 முதல் அதே தாம்பர ஆஸ்பத்திரி, பிறர் அஞ்சி ஒதுக்கிய எச்.ஐ.வி. நோயாளரை ஏற்றது. 2004-இல் இந்திய அரசினர் அந்நோய்க்கு இலவச மருந்து வழங்கத் தொடங்கிய எட்டு ஆஸ்பத்திரிகளுள் இதுவும் ஒன்று. அம்மருந்தோ வாழ்நாள் முழுதும் உண்ணற்பாலது. அதற்கேற்ப உழைச்செல்வானின் கடமையும் நீண்டது.

2021-இல் தமிழ்நாட்டு அரசினர் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னுந் திட்டம், படுக்கையுற்றோரின் இல்லத்திற்கே சிகிச்சையைக் கொண்டு செல்கின்றது. ஆயினும் வந்தவர் சென்றபின் எஞ்சிய பொழுதெல்லாம் பேணுவோர் யார்? எம்மூராகிய பொழிச்சலூரிலும், எவ்வூரிலும், பெரும்பாலும் ஒரு தாயோ மகளோ மருமகளோதான். அவர்க்குப் பயிற்சியில்லை, ஊதியமில்லை, ஓய்வுமில்லை. நோயாளியை நலம் வினவுவார் பலர். அவரை வினவுவார் இலர்.

மாணவ நண்பர்காள்! வைத்தியராதல் நம்மிற் சிலர்க்கே கூடும். உழைச்செல்வாராதல் அனைவர்க்கும் கூடும். நம் தெருவில் நெடுநாள் நோயாளியைப் பேணும் ஒருவர்க்கு, வாரத்தில் ஒரு மாலைப்பொழுதேனும் நாம் அவ்விடத்தமர்ந்து ஓய்வளிப்போமாயின், வள்ளுவர் வகுத்த நான்காங் கூற்றில் நமக்கும் ஓர் இடம் உண்டாகும்.