"என்னை ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்?"

டிசம்பர் பிறந்தால் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் லிப்ட் ஓயாது. டொரண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்திறங்கும் பேரப்பிள்ளைகள் பெட்டியை வாசலில் விட்டுவிட்டு நேரே அம்மம்மாவின் கதிரைக்குப் போவார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அம்மம்மா, என்னை ஆரெண்டு சொல்லுங்கோ பாப்பம்?"

நம்பிக்கை: கேட்டுக் கேட்டுத்தான் ஞாபகத்தை மீட்க வேண்டும்.

டிமென்ஷியா என்ற மறதிநோய் உள்ளவருக்கு அது சோதினை. அதன் ஒரு வகையான அல்ஸைமரில் பெரும்பாலும் அண்மைக்கால நினைவுகளே முதலில் போகின்றன; வளர்ந்து தாடி வைத்த பேரனின் முகம் அதில் அடக்கம். கேள்வி மறந்துபோகும், விடை தெரியாமல் முழித்த வெட்கம் மறையாது. "அம்மம்மா, நான் உங்கட மூத்தவளின்ர மகன், கனடாவிலயிருந்து வந்திருக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்காருங்கள். காலமான அம்மப்பாவை அவர் தேடினால், "அவர் செத்துப் பத்து வருஷமாச்சு" என்று திருத்துவதிலும் பயனில்லை. ஒவ்வொரு தடவையும் அது அவருக்குப் புதுச் சாவுச் செய்தி. "அவருக்கு என்ன பலகாரம் விருப்பம்?" என்று கேட்டுப் பாருங்கள், கதை தானாக ஓடும்.

நம்பிக்கை: சனத்தோடு இருத்தினால் தெளியும்.

பத்துப் பேர் ஒரே நேரத்தில் கதைக்க, டிவியும் அலற, வெளியில் சீனவெடியும் வெடித்தால் எந்தக் குரல் யாருடையது என்று பிரித்தறிய அவரால் முடியாது. காதுக் கருவி அந்தச் சத்தத்தையும் சேர்த்துப் பெருக்கும். பலருக்கு மாலையில்தான் பதற்றம் கூடும். அதனால் கொட்டாஞ்சேனையில் நத்தார் நள்ளிரவுப் பூசைக்கு இழுத்துக்கொண்டு போவதைவிடக் காலைப் பூசை நல்லது. வீட்டில் ஒரு அறை சத்தமில்லாமல் இருக்கட்டும். இரண்டிரண்டு பேராக உள்ளே போங்கள்.

நம்பிக்கை: ஒன்றும் விளங்காது, சும்மா இருக்கட்டும்.

பேர் மறந்தாலும் கைக்குப் பழகிய வேலை எளிதில் மறப்பதில்லை. பயற்றம் மாவை முன்னால் வைத்தால் உருண்டை பிடிப்பார். அளவு முன்னே பின்னே இருக்கும். அதை அவர் எதிரிலேயே எடுத்து மறுபடி உருட்டுகிற மருமகளை எனக்குப் பிடிப்பதில்லை.

நம்பிக்கை: வயது போனால் அறளை பெயரும்தானே.

இதுதான் ஆபத்தானது. டிமென்ஷியா மூளையின் நோய்களால் வருவது, முதுமையின் இயல்பு அல்ல. உலகில் 5½ கோடிக்கும் மேற்பட்டோருக்கு அது உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது பொதுவாக மெல்ல மெல்லவே கூடும். நேற்று வரை நன்றாயிருந்தவர் இன்று திடீரென உளறினால், ஆளில்லாத இடத்தில் ஆளைக் கண்டால், அல்லது எழுப்ப எழுப்பத் தூங்கி வழிந்தால், அதைக் கொண்டாட்டக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, தண்ணீர் போதாமை, மலச்சிக்கல், அமளியில் தவறிய அல்லது இரட்டிப்பாய்க் கொடுத்த குளிசை என்று காரணம் பலவாக இருக்கலாம். அநேகம் குணமாகக் கூடியவை. பண்டிகை நாளானாலும் அன்றைக்கே டொக்டரிடம் கொண்டுபோங்கள். குளிசைப் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள்.