கயிறும் கோலும் கொண்டு தறி நேர்செய்தல்

கணக்குப் புத்தகங்களைப் பார்வையிடச் சென்ற இடத்தில் ஒரு சேலையும் என் முன் வைக்கப்பட்டது. ஆரணிப் பகுதிச் சங்க உறுப்பினர் ஒருவர் நெய்தது. சாயத்திலும் சரிகையிலும் குறையில்லை. ஆயினும் ஒரு கரை இறுகியும் மறு கரை தளர்ந்தும் இருந்தமையால் கூலியில் பிடித்தம் செய்திருந்தனர். அவர் இல்லம் சென்று பார்த்தபோது, புதிதாக நட்ட தறியில் பாவு உருளையும் துணி உருளையும் இணையாக அமையவில்லை. அவர் கை பிழை செய்யவில்லை; தறி நட்டபோது கண்ணளவை நம்பியதே பிழை.

பள்ளியில் கவராயம் செய்யும் வேலையைத் தரையில் முளையும் கயிறும் செய்யும். வேள்வி மேடைகளை அளக்க வழிகூறும் சுல்ப சூத்திரங்களின் பெயரிலேயே கயிறு உள்ளது. சுல்பம் என்றால் கயிறு.

குழி தோண்டுமுன் தறியின் நீளவாட்டில் நடுக்கோடு ஒன்று இழுக்கவும். உருளை வரவேண்டிய இடத்தில் அக்கோட்டின்மேல் அ எனக் குறிக்கவும். அதற்கு இருபுறமும் 3 அடி தள்ளி, கோட்டின்மேலேயே ஆ, இ என்னும் முளைகளை அடிக்கவும். 5 அடிக் கயிற்றை ஆவில் கட்டி ஒரு வில்லும், இயில் கட்டி மற்றொரு வில்லும் வரைக. அவை வெட்டும் இடம் ஈ. அ, ஈ இரண்டையும் சேர்க்கும் கோடு நடுக்கோட்டிற்குச் செங்குத்து. ஈ இரு முளைகளுக்கும் சம தூரத்தில் இருப்பதால், அக்கோடு எப்பக்கமும் சாய வழியில்லை. அதன் நீளம் சரியாக 4 அடி இருக்கவேண்டும். இல்லையெனில் கயிறு நெகிழ்ந்துவிட்டது என்று அறிக. (இழுத்தால் நீளும் புதுக்கயிறு ஆகாது, மெல்லிய கம்பி நன்று.) இடம் குறுகினால் எல்லா அளவுகளையும் பாதியாக்கலாம். மற்ற உருளைக்கும் இவ்வாறே செய்ய, ஒரே கோட்டிற்குச் செங்குத்தான இரண்டும் தாமே இணையாகும். மல்பெரி வரிசை நடும் விவசாயிக்கும் இதுவே முறை.

புட்டா அமைப்பில் வேறொரு தொல்லை. 48 அங்குல அகலத்தை ஏழாகப் பிரித்தால் பங்கு 6 6/7 அங்குலம். எந்த அளவுகோலிலும் அக்குறி இல்லை. தாளில் அகலக்கோட்டின் ஒரு முனையிலிருந்து சாய்வாக ஒரு கோடு இழுத்து, கவராயத்தை விரும்பியவாறு விரித்து, அதில் ஏழு சம அடிகள் வைக்கவும். ஏழாம் புள்ளியை அகலக்கோட்டின் மறுமுனையோடு சேர்த்து, மற்ற ஆறு புள்ளிகளிலிருந்தும் அதற்கு இணைகோடுகள் இழுத்தால் அகலம் ஏழாகிவிடும்.

ஆறிதழ்ப் பூ மிக எளிது. ஆரத்தையே வட்டத்தின்மேல் ஆறு முறை அடி வைத்தால் போதும். ஒன்பதிதழ்ப் பூவுக்கு வழி கேட்டார் ஒரு நெசவாளர். கவராயமும் குறியிடாக் கோலும் மட்டும் கொண்டு அதனைத் துல்லியமாக வரைய இயலாது என்பது பிரான்சு நாட்டு வான்ட்செல் 1837-இல் தந்த நிரூபணத்தால் விளங்கும். கவராயத்தைச் சிறிது கூட்டியும் குறைத்தும் பொருத்திக்கொள்ளுமாறு கூறினேன். விரலகலப் பூவில் அவ்வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.