நீராவிப்பிட்டியைக் கலைக்களஞ்சியத்தில் ஏற்றுவது எப்படி

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. அதில் இஸ்லாம் பற்றிய பக்கங்கள் நிறைய உண்டு. தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, நாச்சிக்குடா, சாளம்பைக்குளம் என்று இலங்கையின் வன்னிக்கு வரும்போதுதான் எழுதுகிறவருக்குக் கை ஓயும். விருப்பம் இல்லாமல் இல்லை. பார்த்து எழுதக் கடதாசி இல்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது உடுத்த உடுப்போடு போனவர்கள், ஊர் வரலாற்றையா கட்டிக்கொண்டு போயிருப்பார்கள்? பின்னால் வந்த யுத்தம் மிஞ்சியதையும் தின்றது.

அதனால் எழுதத் தொடங்க முன்னம் கடதாசி தேடுங்கள். முதல் படி அதுதான், அதிக காலம் எடுப்பதும் அதுதான். அப்படிப் போய்ப் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் இன்னும் இருக்கிற உறவினர் வீடுகளில் அலுமாரிக்கு மேலே பாருங்கள். பாடசாலை ஆண்டு மலர், பள்ளிவாசல் திறப்புவிழா மலர், யாரோ மௌத்தானபோது (இறந்தபோது) அச்சிட்ட நினைவு மலர், இவைதான் பொன். கிடைத்ததைப் போனில் எடுக்கும்போது பிளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில், பக்க எண் தெரிய எடுங்கள். முன்னட்டை, பின்னட்டை, அச்சகத்தின் பெயரும் ஆண்டும் உள்ள பக்கம் ஆகிய மூன்றையும் விட்டுவிட வேண்டாம். நான் ஒருமுறை விட்டேன். எந்த ஆண்டு மலர் என்று தெரியாமல் அந்த முப்பது பக்கமும் வீண்.

உரியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்துக்குக் கொடுத்தால் அது எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய ஆவணமாகிறது. அதன்பிறகு கட்டுரையில் மேற்கோள் காட்டலாம். நிக்காஹ் (திருமண) பதிவேடு, சந்தாப் புத்தகம் போன்ற கையெழுத்துப் பதிவுகள் வேறு சங்கதி. அவை மேற்கோளுக்கு உதவாது. உயிரோடு இருக்கிறவர்களின் விபரமும் அவற்றில் கிடக்கும். இணையத்தில் ஏற்றவே கூடாது.

இரண்டாவது, ஆள் சேர்ப்பு. நாலைந்து பேர் போதும். பள்ளிவாசல் ஆள் ஒருவர், ஆசிரியர் ஒருவர், கைவிரைவுள்ள பிள்ளைகள் இரண்டு பேர், கட்டாயமாக முஸ்லிம் அல்லாத ஒருவர். கடைசி ஆள்தான் அதிகம் பயன்படுவார் என்பது என் அனுபவம். “கொத்பா என்றால் என்ன?” என்று (அது வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்) அவர் கேட்கிற இடத்திலெல்லாம் கட்டுரையில் ஒரு வரி விளக்கம் குறைகிறது. கணக்குத் திறந்து, மணல்தொட்டியில் ஒரு கிழமை பழகினால் தொழில்நுட்பம் முடிந்தது.

மூன்றாவது, யாருடைய குரலில் எழுதுகிறோம் என்பது. ஸியாரம் (இறைநேசர் அடக்கத்தலம்) பற்றி எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். ஸூபி வழியில் நிற்கும் தரீக்காக்காரர் “பரக்கத் (அருள்) பெற மக்கள் வருகிறார்கள்” என்பார். அதை மறுக்கும் தவ்ஹீத்காரர் “பித்அத்” (மார்க்கத்தில் புதிதாகப் புகுத்தியது) என்று மாற்றுவார். இரண்டும் கலைக்களஞ்சியத்தின் குரல் அல்ல. ‘இங்கே ஆண்டுதோறும் கந்தூரி (நினைவு விருந்து) நடைபெறுகிறது’ என்பது செய்தி. ஏற்பவர் இப்படிச் சொல்கிறார், மறுப்பவர் இப்படிச் சொல்கிறார் என்று இருவரின் நூலையும் காட்டினால் போதும். குர்ஆன் வசனத்துக்கு அத்தியாயமும் வசன எண்ணும் கொடுங்கள். ஹதீஸ் எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும், ஆகவே எந்தப் பதிப்பு என்று எழுதாத எண்ணால் பயன் இல்லை. நபியின் பெயருக்குப் பக்கத்தில் ‘ஸல்’ என்ற வாழ்த்துச் சுருக்கம் போடத் தேவையில்லை. எழுதுகிறவர் வாயால் சொல்லிக்கொள்ளட்டும், யாரும் தடுக்கப்போவதில்லை.

இனி, எங்கள் ஊர்ப் பக்கங்களில் சண்டை வரும் இடம். ‘முஸ்லிம்கள் 1990இல் வெளியேறினர்.’ இந்த வரியைப் பாருங்கள். இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வெளியேற்றியவரை அது தின்றுவிட்டது. ‘வெளியேற்றப்பட்டனர்’ என்பதும் அரைவாசிதான். யாரால் என்று வேண்டும். மறுபக்கம் இன்னொருவர் வந்து ‘இனச்சுத்திகரிப்பு’ என்று போடுவார். அந்தச் சொல்லைப் பாவிக்கலாம், அப்படி அழைத்தவர் யார் என்று சேர்த்து எழுதினால். 2011இல் வெளியான நல்லிணக்க ஆணைக்குழு அறிக்கை இந்த வெளியேற்றத்தைப் பற்றிப் பேசுகிறது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த ஊடகச் சந்திப்பில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அதை நியாயப்படுத்த முடியாது என்றார். சில நாளில் புலிகளின் தலைவர் பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட்டார்கள். இவற்றைத் திகதியோடு வரிசையாக வையுங்கள். உரிச்சொல் எதுவும் சேர்க்க வேண்டாம். கோபப்பட வேண்டியவருக்குத் திகதிகளே போதும்.

எழுத்துக்கூட்டல் பற்றிக் கனக்க நேரம் செலவழிக்காதீர்கள். இஸ்லாமா இசுலாமா என்று பல ஆண்டுகளாக அடிபடுகிறார்கள். ஒன்றைத் தலைப்பாக வைத்து மற்றதை வழிமாற்றாக்குங்கள். ஊர்ப் பள்ளிவாசலுக்கு மட்டும் பெயர்ப்பலகையில் உள்ளபடியே எழுதுங்கள்.

பக்கம் ஏறியதும் எல்லோரும் அதைக் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு வந்தவை போன்ற நாட்களில் தினமும் பார்க்க வேண்டும். கெட்ட வார்த்தையை உடனே மீளமைக்கலாம். கருத்து வேறுபாடு என்றால் ஒருதரம் மீளமைத்துக் காரணம் எழுதுங்கள். திரும்பவும் மாறினால் கையை எடுத்துவிட்டுப் பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள்.

இன்னொன்று. கட்டுரையைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, ஜும்ஆ (வெள்ளிக்கிழமைத் தொழுகை) முடிந்து மர நிழலில் இருக்கிற பெரியவர்களிடம் சிவப்புப் பேனையோடு கொடுங்கள். எங்களுடைய முதல் அச்சில் ஒரு அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு வாசித்துவிட்டு, “மனே, கிணறு பள்ளிக்கு மேற்கால இல்ல, கிழக்கால. மேற்கால இருந்தது மையவாடி” (அடக்கம் செய்யும் இடம்) என்றார். அவர் சொல்லைப் பேச்சுப் பக்கத்தில் குறித்தோம். கட்டுரையில் திசையை எடுத்துவிட்டு, ‘பள்ளிவாசல் வளவில் ஒரு கிணறு இருந்தது’ என்று மட்டும் வைத்திருக்கிறோம். பழைய நில அளவைப் படம் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.