192 ஓமா, 18 ஓமா?

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுக் குழித்தறியில் ஜக்கார்டு பெட்டியைத் தூக்க ஒரு சின்ன மோட்டார் வைத்திருக்கிறோம். அதன் விவரத் தகடு எழுத்தே தெரியாமல் தேய்ந்துவிட்டது. எலக்ட்ரீஷியன் அளந்துபார்த்து 230 வோல்ட், 1.2 ஆம்பியர் என்றார். பத்தாவது படிக்கும் என் மகள் மின்தடை 192 ஓம், திறன் 276 வாட் என்று கணக்குப் போட்டாள். பிளக்கைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் 18 ஓம்தான் காட்டுகிறது. எது சரி? இலவச மின்சாரத்துக்குள் இது அடங்குமா?
- கைத்தறி நெசவாளர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: உங்கள் மகள் வகுத்ததிலும் பெருக்கியதிலும் பிழை இல்லை. 1827இல் கியோர்க் ஓம் வெளியிட்ட விதியைத்தான் அவர் பயன்படுத்தியிருக்கிறார். வெறும் சூட்டை மட்டும் தரும் சாதனத்துக்கு அது அச்சாகப் பொருந்தும். 1,000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு 4.35 ஆம்பியர் இழுக்கும்; 230ஐ அதனால் வகுத்தால் 53 ஓம். மல்டிமீட்டரும் ஏறக்குறைய அதையே காட்டும்.

மோட்டார் வேறு விதம். 18 ஓம் என்பது செம்புக் கம்பியின் தடை மட்டுமே. அது மட்டும்தான் தடுக்கிறது என்றால் கிட்டத்தட்ட 13 ஆம்பியர் பாய்ந்து, சுருள் கொஞ்ச நேரத்தில் கருகியிருக்கும். இரும்பின்மேல் சுற்றிய சுருளில் மாறுமின்னோட்டம் ஓடும்போது காந்தப்புலமும் ஓயாமல் மாறுகிறது. அந்த மாற்றம் சுருளுக்குள்ளேயே ஓர் எதிர் வோல்ட்டேஜை உண்டாக்குகிறது. மின்னோட்டத்தை 1.2 ஆம்பியரில் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஆக, இரண்டு எண்ணும் சரி. 192 என்பது கம்பித் தடையும் காந்தத்தின் எதிர்ப்பும் சேர்ந்த மொத்தம்.

இதே காரணத்தால் 276 வாட்டும் அப்படியே நிற்காது. மோட்டாரில் வோல்ட்டும் ஆம்பியரும் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவதில்லை. அதனால் பவர் ஃபேக்டரால் பெருக்க வேண்டும். சின்ன மோட்டாருக்கு 0.6 என்று வைத்தால் சுமார் 166 வாட். அது மோட்டாருக்கு மோட்டார் மாறும் என்பதால், என்னைக் கேட்டால், உங்கள் வீட்டு மின்மீட்டரையே கேளுங்கள். அது உண்மையான வாட்டைத்தான் எண்ணுகிறது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, வழக்கம்போல் நெய்துகொண்டே 6 நிமிடம் சிவப்பு விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று மகளை எண்ணச் சொல்லுங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது மீட்டர் முகப்பிலேயே அச்சாகியிருக்கும். அது 3,200 என்றால், 6 நிமிடத்தில் 53 சிமிட்டல் என்பது மணிக்கு 530, அதாவது 0.166 யூனிட்.

தினம் 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் இரண்டு மாதத்துக்கு 400 மணி நேரம், சுமார் 66 யூனிட். 276 வாட் என்றே வைத்தாலும் 110தான். கைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 200 ஆக இருந்த இலவச யூனிட் 2023இல் 300 ஆனது. தாராளமாக அடங்கும்.

மகளும் அளந்து பழக ஆசைப்படுவார் என்பதால் இதையும் சொல்கிறேன். கிளாம்ப் மீட்டரை ஒற்றைக் கம்பியில்தான் மாட்ட வேண்டும். இரண்டு கம்பியையும் சேர்த்துப் பிடித்தால் போவதும் வருவதும் கழிந்து பூஜ்யம் காட்டும். ஓம் அளக்கும்போது பிளக் கழன்றிருக்க வேண்டும். கெப்பாசிட்டர் உள்ள மோட்டார் கழற்றிய பிறகும் ஷாக் அடிக்கலாம். ஆனால் அதைவிட முக்கியமானது எர்த். குழிக்குள் மண்ணில் கால் வைத்து நாள் முழுக்க உட்காருகிறீர்கள். மூன்று முனை பிளக்கில் எர்த் வேலை செய்கிறதா என்று அதே எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் போட்டுவிடுங்கள்.